கோட்டை அடுப்பும் குக்கரும்: இரண்டு கார்கள் இயங்கும் விதம்

1965 செவர்லே இம்பாலாவைக் கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வீட்டு குக்கர். இரண்டும் அமெரிக்கக் குடும்பங்களை நெடுஞ்சாலையில் ஏற்றிப்போகத்தான் பிறந்தன. வேக வைக்கும் விதம்தான் வேறு.

இம்பாலா அந்த ஓராண்டில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பலவற்றில் இருந்தது 4.6 லிட்டர் வி8 எஞ்சின். இரண்டு வரிசையில் எட்டு சிலிண்டர்கள், எட்டு அண்டாக்கள் போல. பரிமாறும் கை கார்புரேட்டர். காற்று ஒரு குறுகிய கழுத்து வழியே விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த உறிஞ்சலில் பெட்ரோல் துளித்துளியாக எழுந்து காற்றோடு கலக்கிறது. எளிமையான, அழகான ஏற்பாடு. ஆனால் கண்ணளவுச் சமையல். குளிர்ந்த காலையில் சோக் என்ற காற்றுத் தடுப்பை மூடி, தாராளமாக ஊற்ற வேண்டும். மலை மேல் காற்று மெலிவதும் கார்புரேட்டருக்குத் தெரியாது. மிஞ்சியது புகையாய்ப் போகும்.

எக்ஸ்ப்ளோரரின் அடிப்படை எஞ்சினில் நான்கே சிலிண்டர், 2.3 லிட்டர். ஒவ்வொன்றுக்குள்ளும் எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. வெளியேறும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று ஓர் உணரி பார்த்துச் சொல்ல, அடுத்த அளவு உடனே திருத்தப்படுகிறது. திறந்த அண்டாவில் ஆவி வீணாகும், குக்கரில் அதுவே வேலை செய்யும் அல்லவா? டர்போவின் சூட்சுமமும் அதுதான். வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. (ஒப்புமை இங்கே கொஞ்சம் நொண்டும்: குக்கர் தன் ஆவியையே அடைத்து வைக்கிறது, டர்போ புதுக்காற்றைத் திணிக்கிறது.) கூடுதல் காற்று, கூடுதல் பெட்ரோல், 300 குதிரைத்திறன். இம்பாலாவின் 4.6 லிட்டர் எஞ்சினுக்கு விளம்பரத்தில் 195. அதுவும் சைலன்சர் முதலியவற்றைக் கழற்றி வைத்து அளந்த எண். சாலையில் இன்னும் குறைவு.

எஞ்சினின் சுழற்சியைக் காரின் வேகத்துக்குப் பொருத்துவது கியரின் வேலை. அந்த எஞ்சினோடு வந்த பவர்கிளைடு தானியங்கியில் முன்னோக்கி இரண்டே கியர். விறகை உள்ளே தள்ளு, வெளியே இழு என்பதுபோல, அவ்வளவுதான். எக்ஸ்ப்ளோரரில் பத்து. எந்த வேகத்திலும் எஞ்சின் தனக்குத் தோதான சுழற்சிக்கு அருகிலேயே இருக்கலாம்.

இத்தனை சிக்கனமும் எங்கே போகிறது? சுமையில். எக்ஸ்ப்ளோரர் இம்பாலாவைவிட சுமார் 36 செ.மீ. நீளம் குறைவு. ஆனால் உயரம் ஓர் அடிக்கு மேல் அதிகம், எடை ஏறத்தாழ இரண்டு டன். படகு என்று கேலி செய்யப்பட்ட பழைய கார்தான் இலகுவானது! எடையில் ஒரு பங்கு காற்றுப்பைகளுக்கும், மோதலைத் தாங்கும் உடற்கட்டுக்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் வைத்த இம்பாலாவை யாரும் ஏக்கத்தோடு பார்க்க வேண்டியதில்லை. உயரத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சினின் பெரும்பாடு காற்றைப் பிளப்பதுதான். உயர்ந்த முகப்பு அந்தப் பாட்டைக் கூட்டுகிறது. அமெரிக்க அரசின் கணக்கில் பின்சக்கர இயக்க எக்ஸ்ப்ளோரர் லிட்டருக்குச் சுமார் 10 கி.மீ. ஓடுகிறது.

இதே எஞ்சினைத் தாழ்வான செடானில் வைத்தால் இன்னும் தூரம் ஓடும். ஆனால் அமெரிக்காவில் செடான்களைக் கைவிடப்போவதாக ஃபோர்டு 2018-இல் அறிவித்தது. கடைசியாக இருந்த ஃப்யூஷன் 2020-இல் நின்றது.