தராசு அசையாத மாதங்கள்

பெரகல சந்தியில் பண்டாரவளை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, தோட்டத்துத் தங்கச்சி ஒருத்தி கேட்டாள்: “அக்கா, அஞ்சு மாசமா எம்பத்திரெண்டு கிலோவுலயே நிக்குது. ஒபரேஷன் பழுதாப் போச்சா?” கொழும்புக்குப் போய் இரைப்பையைச் சிறிதாக்கும் ஒபரேஷன் செய்துகொண்டவள் அவள். அதற்கு ஒன்றரை வருடம் ஆகிறது. ஆளுக்கொரு பிளேன்டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். அன்று அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்வி பலருடைய மனதில் இருக்கிறது. கேட்க வெட்கப்பட்டு, சாப்பாட்டை இன்னும் இன்னும் குறைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அவளுடைய உயரம் 155 சென்டிமீட்டர். ஒபரேஷனுக்கு முன் 110 கிலோ, இப்போது 82. போனது 28 கிலோ, அதாவது பழைய எடையில் நூற்றுக்கு 25. ஸ்லீவ் என்று சொல்கிற, இரைப்பையைக் குழாய்போல் ஒடுக்கும் ஒபரேஷனில் ஒன்றிரண்டு வருடத்துக்குள் சராசரியாகக் குறைவது ஏறக்குறைய இவ்வளவுதான். குடலையும் மாற்றிப் பொருத்தும் பைபாஸில் நூற்றுக்கு 30 அளவுக்குப் போகும். தங்கச்சி தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் முழுப்பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, பறிக்க வேண்டிய கொழுந்தைவிடக் கூடுதலான பாரத்தை அவள் உடம்பிலிருந்து ஏற்கெனவே இறக்கிவிட்டாள். இன்னும் இறக்க வேண்டியது இருக்கிறது, உண்மைதான். ஆனால் இதுவரை நடந்தது தோல்வி இல்லை.

சரி, ஏன் நின்றது?

ஸ்லீவ் ஒபரேஷனில் இரைப்பையின் முக்கால் பங்கு, சில வேளை அதற்கும் கூடுதலாக, வெட்டி எடுக்கப்படுகிறது. பை சிறிதாவதால் கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடும். அதோடு இன்னொன்றும் நடக்கிறது. கிரெலின் என்ற பசி ஹோர்மோனை 1999 இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அது பெருமளவு சுரப்பது இரைப்பையின் மேற்பகுதியில். வெட்டி எடுக்கப்படுவதும் அந்தப் பகுதிதான். அதனால்தான் முதல் மாதங்களில் பசியே தெரிவதில்லை. “சாப்பிடவே மறந்துபோகுது” என்று பலர் சொல்வது இந்தக் காலத்தில்தான். பிறகு குடல், மூளை, மற்ற ஹோர்மோன்கள் எல்லாம் புதிய நிலைமைக்குப் பழகுகின்றன. வருடம் ஒன்று ஆகும்போது பசி கொஞ்சம் திரும்பி வருகிறது. ஒரு வாயில் நிறைந்த வயிறு மூன்று நான்கு வாய்க்கு இடம் கொடுக்கிறது. இது எதிர்பார்க்கப்பட்ட மாற்றம்தான்.

எடை நிற்பதிலும் வகை உண்டு. ஒபரேஷன் முடிந்து மூன்றாவது வாரத்தை ஒட்டி பலருக்குத் தராசு திடீரென்று நிற்கும். உடம்பு மாச்சத்தை ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். முதல் நாட்களில் இந்தச் சேமிப்பு கரையும்போது தண்ணீரும் சேர்ந்து போவதால் எடை மளமளவென்று இறங்குகிறது. பிறகு சாப்பாடு கொஞ்சம் ஏறியதும் சேமிப்பு மறுபடி நிரம்புகிறது, தண்ணீரும் திரும்புகிறது. உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டே இருந்தாலும் தராசு அதைக் காட்டாது. இந்த நிற்றலுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒன்றிரண்டு வாரத்தில் தானாக விட்டுவிடும்.

தங்கச்சிக்கு வந்தது வேறு வகை. ஒரு வருடத்துக்கும் ஒன்றரை வருடத்துக்கும் இடையில், சிலருக்கு இரண்டு வருடத்தில் வருவது. 110 கிலோ உடம்பைச் சுமந்து படி ஏற ஒரு அளவு சக்தி தேவைப்பட்டது. 82 கிலோவுக்கு அவ்வளவு தேவையில்லை. எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறைகிறது. அதற்கு மேலும் ஒன்று உண்டு. பஞ்சம் வந்துவிட்டதென்று நினைத்து உடம்பு தன் செலவை இறுக்கிப் பிடிக்கும். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944–45 இல் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 ஆண்களை அவர்களது சம்மதத்தோடு அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். அவர்களுடைய எடை நூற்றுக்கு 25 அளவு குறைந்தபோது, சும்மா படுத்திருக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தி நூற்றுக்கு 40 அளவு விழுந்திருந்தது. ஒபரேஷன் செய்தவர்களுக்கு இவ்வளவு மோசமில்லை. ஆனாலும் அதே குணம்தான். ஆகவே எடை நின்றதும் “இனி ஒரு நேரம்தான் சாப்பிடுவேன்” என்று முடிவெடுப்பது, இறுக்கிப் பிடிக்கிற உடம்பை இன்னும் இறுக்கச் சொல்வதாகும். கொழுப்போடு தசையும் கரையும், தலைமுடி கொட்டும், சோர்வு வரும், தராசு மட்டும் அசையாது.

“அப்ப என்னதான் செய்யிறது?” என்றாள்.

முதல் வேலை, ஒரு வாரத்துக்கு வாய்க்குள் போவதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதுவது. குறைக்க வேண்டாம், மாற்ற வேண்டாம், எழுதினால் போதும். மலையகத்தில் அந்தக் கொப்பியில் முதலில் அகப்படுவது எது தெரியுமா? நம்முடைய தேத்தண்ணிதான். அன்று கடைக்காரர் எங்களுக்குப் போட்டதைக் கவனித்தேன். கிளாசுக்கு மூன்று கரண்டி சீனி. ஒரு தேக்கரண்டி மட்டமாக எடுத்தால் சுமார் 4 கிராம், 16 கலோரி. ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி என்றால் 15 கரண்டி, 60 கிராம், 240 கலோரி. குவித்துப் போட்டால் இன்னும் கூடும். பால்மா கலந்தால் அது தனிக் கணக்கு. உள்ளங்கையில் சீனி வைத்து நக்கிக் குடித்தாலும் உள்ளே போகிற சீனி சீனிதான். சின்னதாக்கிய இரைப்பை சோற்றைத் தடுக்கும், ரொட்டியைத் தடுக்கும். தண்ணீராய்ப் போவதை அதனால் தடுக்க முடியாது, வழுக்கிக்கொண்டு போய்விடும். எடை நிற்க நாளுக்கு 240 கலோரி தாராளம்.

வழுக்கிப் போகிறவை இன்னும் இருக்கின்றன. தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட், மிக்சர், சோடா, ஐஸ்கிரீம், பணிஸ் எல்லாம் அந்த இனம். வாய்க்குள் கரைந்துபோவதால் வயிறு நிறைந்ததாகவே தெரியாது. ஆண்களுக்குச் சாராயமும் இதில் சேரும். பைபாஸ் செய்தவர்களுக்கு மது வழக்கத்தைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும், பழக்கம் பிடிக்கும் ஆபத்தும் கூடுதல்.

தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. கொழுந்து கிள்ளுகிற ஊரில் அப்படிச் சொன்னால் யார் கேட்பார்கள்? சீனியை வாரத்துக்கு அரைக்கரண்டி வீதம் குறைத்துக்கொண்டு வாருங்கள். நாக்கு பழகிவிடும். இன்னொன்றும் முக்கியம். சாப்பாட்டோடு தேத்தண்ணி வேண்டாம். ரொட்டி, பருப்பு, கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தேயிலைச் சாயம் பாதிக்குமேல் குறைத்துவிடக்கூடும். இந்த ஒபரேஷன் செய்தவர்களுக்கு இரும்புச்சத்து குறைவது சாதாரணம். தோட்டத்துப் பெண்களிடம் இரத்தச்சோகை ஏற்கெனவே இருக்கிற ஒன்று. இரண்டும் சேர்ந்தால் படி ஏறவே மூச்சு வாங்கும், நடக்க முடியாது, நடக்காவிட்டால் எடையும் இறங்காது. சாப்பாட்டுக்கும் இரும்புக் குளிசைக்கும் ஒரு மணித்தியாலம் தள்ளித் தேத்தண்ணியை வைத்துக்கொள்ளுங்கள். கல்சியக் குளிசையையும் இரும்புக் குளிசையையும் ஒன்றாகப் போடாமல் இரண்டு மணித்தியால இடைவெளி விடுங்கள். தண்ணீரையும் சாப்பாட்டோடு குடிக்காமல், சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

இரண்டாவது வேலை, முதல் வாயை மாற்றுவது. தங்கச்சியின் காலைச் சாப்பாடு தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும். சின்ன வயிற்றுக்குப் பாதி ரொட்டியே போதும், பிறகு எதற்கும் இடமில்லை. ஒபரேஷன் செய்தவருக்கு நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். அது இல்லாவிட்டால் தசை கரையும். ஓய்வாக இருக்கும்போதும் தசை சக்தியை எரிக்கிறது. ஆகவே தட்டில் புரதத்தை முதலில் சாப்பிட்டு, அடுத்து மரக்கறி, கடைசியில்தான் ரொட்டியோ சோறோ.

இதற்கு விலை கூடிய புரத மாப்பெட்டி வாங்க வேண்டியதில்லை. கடையில் கிடைப்பதை வைத்தே அவளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு முட்டையில் 12 கிராம். ஊறவைக்கு முன் 30 கிராம் சோயாமீட்டில் 15. எழுபத்தைந்து கிராம் அளவு மீன் அல்லது கோழியில் 18. அரைக் கோப்பை தடித்த பருப்பில் 9. ஒரு கையளவு அவித்த கடலையில் 6, 7. மொத்தம் 60. மூன்று நான்கு தடவையாகப் பிரித்து மெதுவாக மென்று சாப்பிட்டால் சின்ன வயிறும் தாங்கும். நெத்தலிக் கருவாடும் நல்லதுதான். பிரஷர் இருப்பவர்கள் உப்பை நினைத்து நன்றாகக் கழுவிச் சமைக்க வேண்டும். கரட், போஞ்சி, லீக்ஸ் எல்லாம் வெலிமடைப் பக்கமிருந்து வந்து இங்கே தாராளமாகக் கிடைக்கிறது, அதில் குறை வேண்டாம்.

மூன்றாவது வேலை, தசைக்கு வேலை கொடுப்பது. “தோட்டத்துல ஏறி இறங்குறது போதாதா அக்கா?” என்று கேட்டாள். அது நல்லது, விடக் கூடாது. ஆனால் வருடக்கணக்கில் செய்த வேலைக்கு உடம்பு பழகிவிட்டது. புதிதாகத் தசை பலப்பட வேண்டுமென்றால் புதிய பாரம் வேண்டும். கையால் பிடிக்காமல் கதிரையிலிருந்து பத்துத் தடவை எழும்பி உட்காருங்கள். ஒரு லீட்டர் தண்ணீர்ப் போத்தலை ஒவ்வொரு கையிலும் பிடித்துத் தோளுக்கு மேலே தூக்குங்கள். சுவரில் கையூன்றித் தள்ளுங்கள். வாரத்தில் மூன்று நாள், கால் மணித்தியாலம் போதும். பழகப் பழகத் தடவையைக் கூட்டுங்கள். இதைச் செய்கிறபோது தராசு சில வாரம் அசையாமல் இருந்து இடுப்புச் சுற்றளவு குறைவதுண்டு. அதனால் ஒரு அளவு நாடாவும் வேண்டும். தராசில் வாரம் ஒரு தடவை, ஒரே நாள், காலையில் ஏறினால் போதும். தினமும் ஏறி இறங்கி மனதை நோகடிக்காதீர்கள்.

நான்காவது வேலை கிளினிக். தங்கச்சி ஆறு மாதமாகப் போகவில்லை. பலாங்கொடை, இரத்தினபுரி தாண்டிக் கொழும்புக்குப் போய்வந்தால் ஒரு நாட்பேர் போகிறது என்றாள். புரிகிறது. ஆனால் எடை நிற்பதற்குச் சில காரணங்களைக் கொப்பியில் கண்டுபிடிக்க முடியாது. தைராய்டு குறைந்திருக்கலாம். இன்சுலின், ஸ்டீரொய்டு, வலிப்புக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் சில மருந்துகள் எடையைப் பிடித்து வைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி சிலருக்கு எடையைக் கூட்டும். நாமாக எதையும் நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்ல வேண்டும். சிலருக்கு இரைப்பைக் குழாய் விரிந்திருக்கலாம், அதை எக்ஸ்ரேயிலோ கெமராவிலோதான் பார்க்க முடியும். இரத்தப் பரிசோதனை போன்ற அடிப்படை விஷயங்களுக்குத் தியத்தலாவை ஆஸ்பத்திரியோ பதுளைப் பெரியாஸ்பத்திரியோ கிட்ட இருக்கிறது. அங்கே எடுத்த ரிப்போர்ட்டோடு கொழும்புக்குப் போனால் ஒரு பயணம் மிச்சம்.

எல்லாம் செய்தும் அசையாவிட்டால் வழி அடைபட்டுவிட்டதா? இல்லை. ஒபரேஷனுக்குப் பிறகு போதியளவு எடை குறையாதவர்களை வைத்து லண்டனில் ஒரு ஆய்வு நடந்தது. 2023 இல் வெளியான அதில் லிரகுளூட்டைட் ஊசி 24 வாரம் போட்டவர்களுக்குச் சராசரியாக நூற்றுக்கு 8.8 எடை குறைந்தது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கு 0.5 மட்டுமே. இது விலை கூடிய மருந்து, டொக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. பேஸ்புக்கில் விற்கும் தூளும் கசாயமும் இதற்கு ஈடாகாது. தேவையானவர்களுக்கு இரண்டாவது ஒபரேஷனும் உண்டு, ஆனால் அதில் ஆபத்து முதல் ஒபரேஷனைவிடக் கூடுதல். அதனால் அது கடைசி வழி.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தொடர்ந்து வாந்தி, தாங்க முடியாத வயிற்றுவலி, நடை தள்ளாட்டம், கண் பார்வை இரட்டையாகத் தெரிதல் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தொடர் வாந்தியில் பி1 வைட்டமின் வற்றி மூளையைப் பாதிக்கும், அதற்குக் காத்திருக்க நேரமில்லை.

சுவீடனில் 1987 இல் தொடங்கி நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. பைபாஸ் செய்தவர்கள் ஒன்றிரண்டு வருடத்தில் நூற்றுக்கு 32 குறைந்தார்கள். பத்தாம் வருடத்தில் பார்த்தபோது கொஞ்சம் ஏறி 25 இல் நின்றார்கள். மொத்தத்தில் ஒபரேஷன் செய்தவர்களில் இறப்பு, செய்யாதவர்களைவிடக் குறைவு. ஆக, எடை ஓரிடத்தில் நிற்பதும் கொஞ்சம் ஏறுவதும் நன்றாகப் போனவர்களுக்கும் நடந்ததுதான். சீனி வருத்த மருந்து குறைந்திருக்கிறதா, பிரஷர் இறங்கியிருக்கிறதா, மூட்டு வலி விட்டிருக்கிறதா என்று பாருங்கள். அவையும் கணக்கில் சேர வேண்டியவை.

வீட்டிலிருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். “இன்னும் மெலியலயே” என்று கேட்காதீர்கள். அவருக்கு ஒரு முட்டை அவித்துக் கொடுங்கள், தேத்தண்ணியில் சீனியைக் குறைத்துப் போடுங்கள், கிளினிக் நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒபரேஷன் செய்தவர்களே, எடை நின்றால் பட்டினி கிடக்காதீர்கள். ஒரு வாரம் எழுதுங்கள், அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.