டி.வி.யில் கறுப்புப் பட்டை... நீக்கலாமா, கூடாதா?

டி.வி.யில் சினிமா பார்க்கும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். சில படங்களுக்கு மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை தெரியும். பழைய கறுப்பு வெள்ளைப் படம் என்றால் இடப்பக்கமும் வலப்பக்கமும் தெரியும். கம்ப்யூட்டரை டி.வி.யுடன் இணைத்துப் படம் பார்க்கும் வீடுகளில் சில சமயம் நான்கு பக்கமும் சட்டம் போட்டதுபோல் கறுப்பு இருக்கும்.

"இவ்வளவு பெரிய டி.வி. வாங்கியும் படம் சின்னதாகத் தெரிகிறதே!" என்று வீட்டில் யாராவது அலுத்துக்கொள்வார்கள். உடனே ஒருவர் ரிமோட்டை எடுத்து ஏதோ ஒரு பட்டனைத் தட்டுவார். பட்டை போய்விடும். ஆனால், ஒல்லியான கதாநாயகன் திடீரென்று குண்டாகியிருப்பார். இல்லையென்றால் அவருடைய தலை பாதி காணாமல் போயிருக்கும்!

அப்படியானால் பட்டையை நீக்கவே கூடாதா? நீக்கலாம். ஆனால், எதை நீக்கலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

பட்டை எப்படி வந்தது?

அமெரிக்காவில் தாமஸ் ஆல்வா எடிசனிடம் வேலை பார்த்தவர் டிக்சன். 1890-களின் தொடக்கத்தில் இவர் 35 மில்லிமீட்டர் அகலமுள்ள பிலிம் சுருளைப் பயன்படுத்தினார். அதில் ஒவ்வொரு படமும் 4 பங்கு அகலம், 3 பங்கு உயரம் என்று அமைந்தது. இதை 4:3 என்று எழுதுவோம். பின்னால் வந்த டி.வி. பெட்டிகளும் இதே வடிவத்தை எடுத்துக்கொண்டன.

வீட்டுக்கு வீடு டி.வி. வந்ததும் அமெரிக்காவில் தியேட்டர்களுக்குக் கூட்டம் குறைந்தது. "டி.வி.யில் பார்க்க முடியாததைக் காட்டுவோம்" என்று சினிமாக்காரர்கள் திரையை அகலமாக்கினார்கள். 1953-இல் 'தி ரோப்' என்ற படம் சினிமாஸ்கோப் முறையில் வந்தது. நம் தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம், சிவாஜி கணேசன் நடித்த 'ராஜராஜ சோழன்'. அது வந்த ஆண்டு 1973. இத்தகைய படங்களின் அகலம், உயரத்தைப் போல 2.35 மடங்கு இருக்கும்.

ஆக, சதுரத்துக்குக் கிட்டத்தட்ட வரும் படமும் உண்டு. நீளமான படமும் உண்டு. இரண்டையும் ஒரே டி.வி.யில் காட்ட வேண்டுமே, என்ன செய்வது?

காகிதத்தில் ஒரு கணக்கு

கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1980-களில் இதற்கு வழி கண்டார். அவர் செய்ததை நீங்களும் செய்து பாருங்கள்.

ஒரு காகிதத்தை 8 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரம் இருக்குமாறு வெட்டுங்கள். இது 4:3. இன்னொன்றை 10.6 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரமாக வெட்டுங்கள். இது சினிமாஸ்கோப். இரண்டின் பரப்பும் ஏறக்குறைய சமம். ஒன்றின் நடுவில் மற்றொன்றை வையுங்கள். சிலுவைக்குறி போலத் தெரிகிறதா? இரண்டையும் உள்ளடக்கும் பெரிய செவ்வகம் 10.6 x 6. இரண்டுக்கும் பொதுவான உட்பகுதி 8 x 4.5. இரண்டிலும் அகலத்தை உயரத்தால் வகுத்துப் பாருங்கள். இரண்டுக்குமே ஏறத்தாழ 1.77 வரும்! அதுதான் 16:9. இன்றைய டி.வி.யின் வடிவம்.

இதில் இரண்டு வகைப் படமும் அதிக நஷ்டமின்றி அடங்கும். ஆனால், எதுவுமே முழுதாகப் பொருந்தாது. மிஞ்சும் இடத்தில் காட்ட ஒன்றும் இல்லை. அந்தக் காலி இடம்தான் கறுப்புப் பட்டை.

அடம் பிடித்தால் என்ன ஆகும்?

1920 x 1080 புள்ளிகள் கொண்ட டி.வி.யில் 4:3 படம் 1440 புள்ளி அகலமே வரும். இரண்டு ஓரத்திலும் 240 புள்ளி கறுப்பு. இதைப் போக்க இரண்டே வழிகள். ஒன்று, படத்தைப் பக்கவாட்டில் இழுப்பது. அப்போது சைக்கிள் சக்கரம் முட்டை வடிவமாகிவிடும். இன்னொன்று, படத்தைப் பெரிதாக்குவது. அப்போது மேலும் கீழுமாகக் கால் பங்கு படம் வெட்டுப்படும்.

வகுப்பு குரூப் போட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டம் சின்னதாக இருக்கிறதே என்று போட்டோவின் ஓரத்தை வெட்டினால், வரிசைக் கடைசியில் நிற்கும் பிள்ளை எங்கே போவாள்? அந்தப் பிள்ளை நீங்களாகவும் இருக்கலாம் அல்லவா?

இப்படி உண்மையிலேயே நடந்தது. 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரின் பழைய பகுதிகள் 4:3 வடிவில் வரையப்பட்டவை. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் அவற்றை 16:9 திரைக்கு ஏற்ப மேலும் கீழும் வெட்டி வெளியிட்டது. ஒரு காட்சியில் மூன்று பெரிய தொட்டிகள். மூன்றிலும் வேறு வேறு பானத்தின் பெயர். ஆனால், மேலே பார்த்தால் மூன்றுக்கும் ஒரே குழாய்தான் வருகிறது! ஒரே சரக்கை மூன்று பெயரில் விற்கிறார்கள் என்பதுதான் அங்கே நகைச்சுவை. படத்தை வெட்டியதில் குழாய் போய்விட்டது. கூடவே சிரிப்பும் போய்விட்டது. ரசிகர்கள் குறை சொன்னார்கள். 2020 மே மாதம் பழைய வடிவிலும் பார்க்க வசதி செய்து தரப்பட்டது.

எதை நீக்கலாம்?

நான்கு பக்கமும் கறுப்பு இருந்தால் தாராளமாக நீக்கலாம். அது படத்தின் வடிவம் அல்ல; அமைப்பில் உள்ள கோளாறு. முதலில் எங்கே கோளாறு என்று பாருங்கள்.

* படம் ஓடாதபோதும் கம்ப்யூட்டர் திரையைச் சுற்றிக் கறுப்புச் சட்டம் இருக்கிறதா? பழைய படக்குழாய் டி.வி.களில் படத்தின் ஓரம் கொஞ்சம் மறைந்துவிடும். அதற்காகக் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டு சில சமயம் படத்தைச் சுருக்கி அனுப்பும். இன்றைய டி.வி.க்கு அது தேவையில்லை. கிராபிக்ஸ் அமைப்பில் 'ஸ்கேலிங்' அல்லது 'அண்டர்ஸ்கேன்' என்று இருப்பதைச் சட்டம் மறையும் வரை நகர்த்துங்கள். ரெசல்யூஷனும் டி.வி.க்கு உரிய அளவில் இருக்க வேண்டும்.

* மாறாக, ஓரத்தில் உள்ள எழுத்துகள் வெட்டுப்படுகின்றனவா? அப்போது குறை டி.வி.யில். அதன் பட அளவை 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று மாற்றுங்கள். டி.வி.க்கு டி.வி. பெயர் மாறும்.

* குறிப்பிட்ட ஒரு படத்துக்கு மட்டும் நான்கு பக்கமும் கறுப்பா? அகலமான படத்தை முன்பே பட்டையோடு சேர்த்து 4:3-இல் பதிந்திருப்பார்கள். வி.எல்.சி. பிளேயரில் 'சி' எழுத்தை ஒவ்வொரு முறையாக அழுத்தி, 16:9-க்கு வாருங்கள். வெட்டுப்படுவது வெறும் கறுப்புதான். படம் முழுதாக இருக்கும். 'ஏ' எழுத்தை அழுத்தாதீர்கள். அது படத்தின் வடிவத்தையே மாற்றிவிடும்.

எதை மாற்றும் முன்பும் பெரியவர்களிடம் கேளுங்கள். பழைய அளவை நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படம் சரியான வடிவில் இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. நேராகத் தெரியும் சக்கரமோ கடிகாரமோ வரும்போது படத்தை நிறுத்துங்கள். ஸ்கேலால் அதன் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் படம் சரி.

அதன் பிறகும் மேலே கீழேயோ, பக்கவாட்டிலோ பட்டை இருந்தால் விட்டுவிடுங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் ஐந்தே நிமிடத்தில் பட்டை இருப்பதே மறந்துவிடும். படம் எடுத்தவர் உங்களுக்குக் காட்ட நினைத்தது ஒரு துளியும் குறையாமல் கண்முன் இருக்கும்!