சாம்பியன் ஆனாலும் மேலே போக முடியாதா? ஐ-லீக் ஏணி எப்படி வேலை செய்கிறது?

பாலக்காட்டில் இருந்து வாளையார் தாண்டினால் கோவை சுமார் 50 கிலோமீட்டர்தான். 2019 மார்ச் 9 அன்று, கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாப்பை 3-1 என வீழ்த்தி சென்னை சிட்டி அணி ஐ-லீக் சாம்பியன் ஆனது. (பேருதான் சென்னை, சொந்த மைதானம் கோவை.) எடுத்தது 43 புள்ளிகள். அதே நாளில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவை வென்ற ஈஸ்ட் பெங்காலுக்கு 42.

அப்படின்னா அடுத்த சீசன் ஐஎஸ்எல்லில் ஆடியிருக்கணுமே என்று கேட்பீர்கள். இல்லை. அப்போது அப்படி ஒரு வழியே கிடையாது.

இங்கிலாந்து பிரீமியர் லீக் பார்ப்பவருக்கு இது விசித்திரமாக இருக்கும். அங்கே ஆண்டுதோறும் மூன்று அணிகள் இறங்கும், மூன்று ஏறும். ஆனால் 2014ல் தொடங்கிய ஐஎஸ்எல், ஐபிஎல் மாதிரி பணம் கட்டி இடம் வாங்கும் லீக். 2007ல் தொடங்கிய ஐ-லீக் அதன் பக்கத்திலேயே தனியாக ஓடியது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2019 அக்டோபரில் ஏற்ற திட்டப்படி, 2022-23 சீசனில் இருந்துதான் ஐ-லீக் சாம்பியனுக்கு ஐஎஸ்எல்லில் இடம்.

இடையில் மாட்டிக்கொண்டது கோகுலம். 2020-21, 2021-22 என அடுத்தடுத்து இரண்டு கோப்பை. ஐ-லீக் என்று பெயர் வந்த பிறகு கோப்பையைத் தக்கவைத்த முதல் அணி அதுதான். கதவு திறந்ததோ அடுத்த சீசனில். அதில் வென்று முதலில் மேலே போனது ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப். கோவையில் தோற்ற அதே மினர்வா, புதுப் பெயரில்! சென்னை சிட்டி 2021-22 ஐ-லீக்கிலேயே இல்லை.

கீழ்ப் படிகள் பரவாயில்லை. ஐ-லீக்குக்குக் கீழே ஐ-லீக் 2, அதற்கும் கீழே 2023ல் வந்த ஐ-லீக் 3, பிறகு மாநில லீக்குகள். 2022ல் உருவான டைமண்ட் ஹார்பர், 2024-25ல் ஒரே சீசனில் ஐ-லீக் 3, ஐ-லீக் 2 இரண்டையும் வென்று ஐ-லீக்குக்குத் தகுதி பெற்றது. சிக்கல் உச்சியில்தான். அதே சீசன் ஐஎஸ்எல்லில் கடைசி இடம் பிடித்த முகமதன் கீழே இறக்கப்படவில்லை.

2024ல் வந்த சூப்பர் லீக் கேரளா இந்த ஏணியிலேயே சேராது. வென்றாலும் ஐ-லீக்குக்கு வழியில்லை. அது தொடங்கியபோது இருந்த ஆறு அணிகளில் பாலக்காடும் இல்லை, இடுக்கியும் இல்லை. மூணாறில் எஸ்டேட் அணிக்காக ஃபின்லே ஷீல்டு ஆடும் பையன் ஏணியில் கால் வைக்கணும்னா, கேரளா பிரீமியர் லீக்கில் ஆடும் கிளப் ஒன்றைத் தேடி மலையிறங்கணும்.