மாறத் தெரிய வேண்டும்

நாளை நடப்பதை யார் அறிவார்? எங்கள் திருப்பூரைக் கேளுங்கள், நண்பர்களே!

நொய்யலை மாசுபடுத்திய சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டறைத் தொழிலாளியான என் தந்தையின் கூலி அன்றோடு நின்றது. அப்போது எனக்கு ஐந்து வயது. அப்பா பனியன் மூட்டை சுமந்தார். அம்மா பிசிர் வெட்டினார்.

பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அவ்வுப்பு துணியில் தங்காது. கழிவுநீரோடு சென்று மண்ணையும் கிணற்றையும் கெடுக்கும். பாசனத்துக்கென 1992-இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவே தேங்கியது.

இன்று கழிவுநீரை மெல்லிய சவ்வின் வழியே அழுத்தி நல்ல நீரைப் பிரிக்கிறார்கள். எஞ்சிய கரைசலைக் காய்ச்சி உப்பை மீட்கிறார்கள். இரண்டும் மீண்டும் சாயமேற்றவே பயன்படுகின்றன. சவ்வின் வழியே அழுத்திப் பிரிப்பதே எதிர்ச் சவ்வூடு பரவல் என்று வேதியியல் வகுப்பில் படிக்குமுன், சுத்திகரிப்பு நிலைய வேலைக்குத் திரும்பிய அப்பாவிடமே நான் கேட்டறிந்தேன். எழுத்தறியாத அவர், நாற்பது வயதில் மீட்டர் பார்க்கக் கற்றார்.

வளைந்து கொடுப்பது தோல்வியன்று. மீண்டும் கற்பதே அது. ஆனால் ஆணை வரும்வரை காத்திருந்ததற்கு விலை கொடுத்தவர்கள் நொய்யல் கரை உழவர்கள். ஆகவே, காலம் நம்மை மாற்றுமுன் நாமே மாறுவோம்!