வீட்டுப்பாடம் எழுத மறுக்கும் குழந்தை: ஆசிரியரிடம் பெற்றோர் கேட்க வேண்டியது என்ன?

புனே: மகாராஷ்டிரத்தில் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எந்தப் பாடத்திட்டப் பள்ளியாயினும் 1 முதல் 10-ஆம் வகுப்பு வரை மராத்தி கட்டாயப் பாடமாகும். பணி நிமித்தம் புனேயில் குடியேறும் தமிழ்க் குடும்பங்களில் மாலை நேரச் சச்சரவுக்கு இப்பாடம் காரணமாகிவிடுவது உண்டு. கணக்கையும் ஆங்கிலத்தையும் முடித்துவிடும் குழந்தை, மராத்திப் புத்தகத்தைத் தொட மறுக்கிறது. பெற்றோருக்கு அம்மொழி தெரியாததால், சோம்பல் என்று முடிவு கட்டிவிடுகின்றனர்.

உண்மையில் மராத்தியில் உயிரற்ற பொருள்களுக்கும் பால் பாகுபாடு உண்டு. கதவு ஆண்பால், நாற்காலி பெண்பால், வீடு இவ்விரண்டிலும் சேராத மூன்றாம் பால். அதற்கேற்ப அடைமொழியும் வினையும் மாறும். இந்தி அறிந்த பெற்றோர் உதவ முன்வந்தாலும், இந்தியில் மூன்றாம் பால் இல்லாததால் பிழையாகச் சொல்லிக்கொடுக்க நேரிடலாம்.

‘வீட்டுப்பாடம் முடிக்கவில்லை’ என்று ஆசிரியர் டைரியில் எழுதுவதும், பெற்றோர் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புவதும் தகவல் பரிமாற்றம் ஆகாது. எந்தப் பாடத்துக்கு எத்தனை நிமிடம் ஆனது, எந்த வினாவில் குழந்தை நின்றுவிட்டது என்பதை ஒரு வாரம் குறித்துவைத்து, அதே டைரியில் எழுதலாம். ‘மகள் மராத்தியை வாசிக்கிறாள்; வாக்கியம் அமைக்கத் திணறுகிறாள்; 40 நிமிடம் ஆயிற்று’ என்ற குறிப்பை ஆங்கிலத்தில் எழுதினாலும் போதும். மாறாக, பெற்றோரே விடை தேடிச் சொல்லி எழுதவைத்தால், பிழையற்ற நோட்டைப் பார்க்கும் ஆசிரியருக்குக் குழந்தையின் சிரமம் தெரியாமலே போய்விடும்.

ஆசிரியரிடம் இவ்வாறு முறையிடுவது சலுகை கோருவது அன்று. பெற்றோரைத் தவறாமல் சந்தித்து, குழந்தையின் கற்றல் திறனையும் முன்னேற்றத்தையும் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்கிறது 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு. தேவைப்படும் குழந்தைக்குக் கூடுதலாகக் கற்பிப்பதும் அக்கடமைகளுள் ஒன்று. அதே ஆசிரியரிடம் கட்டணம் செலுத்தி டியூஷன் கேட்கும் பெற்றோர் கவனிக்க: ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதை 28-ஆம் பிரிவு தடை செய்கிறது.

நேரத்துக்கும் வரம்பு உண்டு. மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு பள்ளிப் பை கொள்கைப்படி 2-ஆம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் கூடாது. 3 முதல் 5-ஆம் வகுப்பு வரை வாரத்துக்கு 2 மணி நேரமும், 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 1 மணி நேரமும் உச்சவரம்பு.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அதில் மதிப்பெண் குறித்து விசாரிப்பதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “பத்து வாக்கியங்களுக்குப் பதிலாக, நான்கு வாக்கியங்களைக் குழந்தை தானே எழுதிவந்தால் ஏற்றுக்கொள்வீர்களா?”