பூசணி முழுசாப் போகணும்

போன எபிசோடைக் கேட்ட ஒருத்தர் இப்படிக் கேட்டிருந்தார்: "பிவிசி பைப்புலயே 10 கிலோ பிரஷர்னு அச்சடிச்சிருக்கு. அதுல 5 கிலோ காத்து அடிச்சு உருளைக்கிழங்கு பறக்கவிட்டா என்ன ஆகிடும்?"

முதல்ல அமெரிக்காவுக்குப் போவோம். டெலவேர் மாநிலத்தில் 1986-ல் தொடங்கிய போட்டி 'பங்கின் சங்கின்'. பூசணிக்காயை அதிக தூரம் எறிகிறவருக்குப் பரிசு. கவண் வகைகளும் உண்டு. நான் பேச வந்தது காற்றுப் பீரங்கியைப் பற்றி. தொட்டியில் காற்றை அழுத்தி வைத்து, வால்வைச் சட்டென்று திறந்தால் நீளமான குழாய் வழியே காய் பறக்கும். 2010-ல் யூட்டா மாநிலத்தின் மோவாபில் 1,690 மீட்டர் போய் கின்னஸ் சாதனை ஆனது.

வெடிமருந்து கூடாது, காய் 8 முதல் 10 பவுண்டு இருக்கணும் என்றெல்லாம் விதிகள். எனக்குப் பிடித்தது வேறு: காய் முழுசாப் போகணும். குழாயை விட்டு வரும்போதே சிதறினால் 'பை' என்பார்கள், அந்த ஊர்ப் பூசணிப் பண்டத்தின் பேர். அந்த எறி செல்லாது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு பிரஷரை ஏற்ற முடியாது.

ஆனா அந்த விதி காய்க்குத்தான் காவல், தொட்டிக்கு இல்லை. 2016 போட்டியில் ஒரு பீரங்கியின் உலோகப் பாகம் பிய்த்துப் பறந்து ஒரு பெண்ணுக்குப் பலத்த காயம். டிவி ஒளிபரப்பையே ரத்து செய்தார்கள்.

இப்ப பைப்புக்கு வருவோம். அந்த 10 கிலோ தண்ணிக்குப் போட்ட கணக்கு. தண்ணி அழுத்தினாலும் கிட்டத்தட்டச் சுருங்காது. பைப் விரிஞ்சா பீச்சி அடிச்சு அடங்கிடும். காத்து சுருங்கும், ஸ்பிரிங் மாதிரி. அதே அளவு, அதே பிரஷரில் ஆயிரக்கணக்கான மடங்கு ஆற்றலைத் தேக்கி வைக்கும். பிவிசி உடைந்தால் சில்லு சில்லாத் தெறிக்கும். சூடு இன்னொரு வில்லன்: 43 டிகிரியில் அதன் தாங்குதிறன் ஏறக்குறைய பாதி. மொட்டை மாடி வெயிலை யோசிச்சுப் பாருங்க.

நானும் காலேஜ்ல ஒண்ணு செஞ்சேன். கேஜ் 4 கிலோவைக்கூடத் தொடல. பின்பக்க மூடி தெறிச்சு சுவர்ப் பூச்சு பெயர்ந்தது. பின்னாடி யாரும் நிக்கல, அவ்வளவுதான்.

அதனால கேள்வி கேட்டவருக்கு: 5 இல்ல, 1 கிலோ காத்தும் பிவிசியில் வேண்டாம். காத்துக்குன்னே செஞ்ச டேங்க், அதுல சேஃப்டி வால்வு, இது ரெண்டும் இல்லாம ஆரம்பிக்காதீங்க. நண்பர்களுக்குள்ள போட்டி வெச்சா தூரத்துக்குப் பரிசு வேண்டாம்; குறைஞ்ச பிரஷரில் குறி தப்பாம அடிக்கிறவங்களுக்குக் குடுங்க.