குடிநோய்க்கு மருந்து உண்டு, மறைத்துக் கொடுக்கலாகாது

சென்னை மாகாணத்தில் மதுவிலக்குச் சட்டம் முதன்முதலாக 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. சட்டத்தால் கடையை மூடலாம். பல்லாண்டு குடித்துப் பழகிய உடலின் தவிப்பைத் தீர்க்க மருத்துவமும் வேண்டும்.

இன்று ஓசூர்த் தொழிற்சாலைகளில் இரவு பகலாக முறைவேலை பார்ப்போரின் இல்லங்களிலும், சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் குடிநோயால் வருந்தும் குடும்பங்கள் உள்ளன. அவரைத் திருத்தும் ஆவலில் உற்றார் இரு தவறுகளைச் செய்துவிடுவதுண்டு. ஒன்று, அவரை அறையில் அடைத்து ஒரே நாளில் குடியை நிறுத்துவது. மற்றொன்று, குடியை மறக்கச் செய்யும் என்று விற்கப்படும் பொடியையோ மாத்திரையையோ அவர் அறியாமல் குழம்பில் கலப்பது. இரண்டும் உயிருக்கே ஊறு விளைவிக்கக் கூடும்.

நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் சித்தப்பிரமையும் தோன்றலாம். இதைத் தடுக்க மருத்துவர் குளோர்டயசிபாக்சைடு, டயசிபாம் போன்ற மருந்துகளைக் கொடுத்துச் சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார். மூளையைக் காக்கத் தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தும் தருவார். இந்நாட்களில் உறக்கக் கலக்கம் இருக்குமாதலின் இயந்திரம் இயக்குதல் கூடாது.

அடுத்த கட்டம், மீண்டும் குடிக்காமல் காப்பது. 1940களின் இறுதியில் டென்மார்க்கு நாட்டில் இதற்குப் பயன்படத் தொடங்கிய மருந்து டைசல்பிராம். மது உடலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சாக மாறிப் பின்னர் அழிகிறது. இம்மருந்து அவ்வழிவைத் தடுக்கும். ஆகவே இதை உண்டவர் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் தாழும். இருதய நோயாளிக்கு உயிரே போகலாம். மருந்தை நிறுத்திய பின்னும் இரு வாரம் வரை இவ்விளைவு நிகழலாம். முழு விவரம் அறிந்து இசைந்தவருக்கன்றிப் பிறருக்கு இதைக் கொடுக்கலாகாது என்பதன் காரணம் இதுவே.

குடிவேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்புரோசேட் ஆகிய மருந்துகளும் உண்டு. இவ்விரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2023இல் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

ஹெராயினுக்கோ அபினி வகை வலி மாத்திரைக்கோ அடிமையானவர்களுக்கு, நாவின்கீழ் வைக்கும் புப்ரநார்பின் மாத்திரை மருத்துவக் கண்காணிப்பில் தரப்படுகிறது. அது தவிப்பை அடக்கி, அவர் வேலைக்குச் செல்ல வழி செய்கிறது. இதை ஒரு போதைக்குப் பதில் மற்றொரு போதை என்று இகழ்வது முறையன்று. பாதியில் நிறுத்திப் பழைய அளவில் மீண்டும் போதைப்பொருள் கொள்பவர், உடலின் தாங்குதிறன் குறைந்திருப்பதால் மூச்சடங்கி இறக்க நேரிடும்.

மருந்துடன் மனநல ஆலோசனையும் குடும்பத்தின் ஆதரவும் சேரும்போதே பயன் நிலைக்கும். மீண்டும் ஒருமுறை தவறினால் தண்டியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்க.

ஊராட்சி உறுப்பினர்களும் மகளிர் குழுவினரும் இச்செய்தியை இல்லந்தோறும் எடுத்துரைக்க வேண்டும். முதலில் அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரை நாடலாம். அண்டையிலுள்ள பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இதற்கெனத் தனி மையமே உண்டு. ஆலோசனைக்கு 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணையும், வலிப்போ மயக்கமோ கண்டால் உடனே 108ஐயும் அழைப்பீர்களாக.